இரு வித்தை, ஒரு களம்: பயில்வான்களின் வரலாறு தரும் படிப்பினை

  

திருவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்திற்கும் அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில் வாழும் நம் மம்சாபுரத்தார்க்குச் சிலம்பம் புதிய பொருளன்று. தென்பாண்டிச் சீமையில் திருவிழாவாயினும் கல்யாண ஊர்வலமாயினும் கம்பு சுழலும் ஓசை கேட்காத ஊர் அரிது. ஆனால் இன்று நிலைமை சற்று மாறியுள்ளது. ஒரு வீட்டுப் பிள்ளை கம்பு எடுத்துச் செல்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை வெள்ளுடை தரித்துக் கராத்தே வகுப்பிற்குப் போகிறது. மூன்றாம் வீட்டுப் பிள்ளை குத்துச்சண்டைக் கையுறையுடன் புறப்படுகிறது.

"ஹஜ்ரத்! கம்பு பெரிதா, கராத்தே பெரிதா? நேருக்கு நேர் நின்றால் யார் வெல்வார்?" என்று இளைஞர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. இது கேட்கத் தகுந்த கேள்விதான். நூறாண்டுகளுக்கு மேலாக உலகம் இக்கேள்வியைக் கேட்டு வருகிறது. வெவ்வேறு வித்தை பயின்றோர் ஒரே களத்தில் மோதிய வரலாறு நமக்கு விரிவாகக் கிடைத்துள்ளது. அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், எந்த வித்தை பெரிது என்பதைக் காட்டிலும், அவ்விருவரும் எந்த உடன்படிக்கையின் மேல் களமிறங்கினர் என்பதே முடிவைத் தீர்மானித்தது என்பது தெளிவாகும்.

மதீனாவில் ஒரு வில்லாளியும் ஒரு மல்லரும்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625இல், உஹது களத்திற்குப் படை புறப்பட்ட வேளை. வயதில் சிறிய பிள்ளைகளை நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பி வைத்தார்கள். அவர்களுள் ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி), ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) ஆகிய இருவரும் இருந்தனர். ராஃபிஉ நல்ல வில்லாளி என்று எடுத்துரைக்கப்பட்டதும் அவருக்கு அனுமதி கிடைத்தது. மற்போரில் ராஃபிஉவை வீழ்த்தக் கூடியவர் ஸமுரா என்னும் செய்தியும் எட்டியது. இருவரும் மற்போர் செய்ய, ஸமுரா வென்றார். அவருக்கும் அனுமதி வழங்கப்பட்டது என்று சீறா நூல்கள் கூறுகின்றன.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒருவரின் திறமை வில்லில். மற்றவரின் திறமை மற்போரில். மல்லரிடம் தோற்றதனால் வில்லாளிக்குக் கிடைத்த இடம் பறிபோகவில்லை. இருவர் திறமையும் ஏற்றுக் கொள்ளப்பட்டது. ஒரு வித்தைக்காரரை மற்றொரு வித்தையின் அளவுகோலால் அளந்து தள்ளிவிடலாகாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

கம்புக்குள்ளே பல முறைகள்

நம் சிலம்பத்தையே எடுத்துக் கொள்வோம். துளுக்காணம், குறவஞ்சி, மறக்காணம், நாகம் பதினாறு எனப் பல முறைகள் அதனுள் உள்ளன. ஒரு வாத்தியாரின் காலடி வரிசை மற்றொரு வாத்தியாரிடம் இராது. ஆகவே இரு ஊர் ஆட்டக்காரர்கள் கம்போடு எதிர்நின்றாலே அது ஒருவகையில் இரு வித்தைகளின் சந்திப்புத்தான்.

அச்சந்திப்பு சண்டையாக மாறாமல் காத்தவை இரண்டு. முதலாவது, ஆட்டத்தின் தொடக்கத்தில் செய்யப்படும் சலாம் வரிசை. களத்தையும், ஆசானையும், எதிரில் நிற்பவரையும் வணக்கம் கூறி மதித்த பின்னரே கம்பு சுழலும். நம் 'ஸலாம்' என்னும் சொல் தமிழகத்துக் கம்பு வித்தைக்குள் இடம் பெற்று, எல்லாச் சமயத்தாரின் நாவிலும் ஒலிப்பது எண்ணி மகிழத் தக்கது. இரண்டாவது, தொடுமுறை. எதிராளியை அடித்து வீழ்த்துவதன்று, கம்பின் நுனியால் அவர் உடலைத் தொட்டுவிட்டு, தான் தொடப்படாமல் விலகுவதே வெற்றி. எலும்பை முறிக்க வல்ல கம்பை வைத்துக்கொண்டு, தொட்டால் போதும் என்று விதி வகுத்த முன்னோரின் அறிவை என்னென்பது!

இலண்டனில் காமா பயில்வான்

இப்போது நம் நாட்டின் புகழ்பெற்ற குஸ்தி வீரரிடம் வருவோம். குலாம் முஹம்மது என்னும் இயற்பெயர் கொண்ட காமா பயில்வான், பஞ்சாபின் பயில்வான் குடும்பமொன்றில் பிறந்தவர். ததியா சமஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்தவர். 1910ஆம் ஆண்டு தம் இளவல் இமாம் பக்ஷ் உள்ளிட்டோருடன் கப்பலேறி இலண்டன் சென்றார். உயரம் குறைந்தவர் என்று காரணம் கூறி, அங்கு நடைபெற்ற போட்டியில் அவரைச் சேர்க்க மறுத்தனர். உடனே அவர், எந்த எடையுடைய வீரராயினும் தம்முடன் மோத வரலாம் என்று அறைகூவல் விடுத்தார். அமெரிக்கரான மருத்துவர் பெஞ்சமின் ரோலர் வந்தார், தோற்றார்.

அதன் பின்னர் 1910 செப்டம்பர் 10ஆம் நாள், போலந்து நாட்டில் பிறந்த ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோ எதிர்நின்றார். உடல் எடையில் காமாவை விஞ்சியவர். ஐரோப்பிய மற்போர் முறையில் தேர்ந்தவர். நம் நாட்டுக் குஸ்தியோ மண் கோதாவில் நடப்பது. எதிராளியை மல்லாக்க வீழ்த்தி முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. இலண்டனிலோ விரிப்பின்மேல் ஆட்டம். இரு தோள்களையும் அழுத்திப் பிடித்துக் காட்டினால்தான் வெற்றி. தொடங்கிய சிறிது நேரத்திலேயே காமா அவரைக் கீழே கொண்டுவந்து விட்டார். ஆனால் ஸிபிஸ்கோ குப்புறப் படுத்து விரிப்போடு ஒட்டிக் கொண்டார். இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகியும் அவரைப் புரட்ட இயலவில்லை. படுத்துக் கிடப்பதைத் தடுக்கும் விதி எதுவும் அங்கு இருக்கவில்லை. ஆட்டம் முடிவின்றி நிறுத்தப்பட்டது. மறு வாரம் மீண்டும் மோத நாள் குறிக்கப்பட்டது. ஸிபிஸ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்கு வழங்கப்பட்டது.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்து 1928இல், பட்டியாலா மகாராஜாவின் ஏற்பாட்டில், அவ்விருவரும் மீண்டும் சந்தித்தனர். இம்முறை நம் நாட்டு மண். ஒரு நிமிடமும் ஆகவில்லை, ஸிபிஸ்கோ மல்லாந்து விழுந்தார். ஆட்டம் முடிந்தது.

அதே இரு மனிதர்கள். ஓரிடத்தில் இரண்டரை மணி நேரத்திலும் முடிவில்லை, மற்றோரிடத்தில் ஒரு நிமிடத்திற்குள் முடிவு. இடையில் இருவருக்கும் வயது ஏறியது உண்மைதான். எனினும், ஒரு வித்தை மற்றொன்றின் விதிக்குள் நுழைந்ததும் அதன் பாதி வலிமை வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதை இலண்டன் தெளிவாகக் காட்டியது.

டோக்கியோவில் பதினைந்து சுற்றுகள்

இக்கருத்துக்கு உலகமே சாட்சியான நிகழ்ச்சி ஒன்றுண்டு. அன்றைய உலகக் குத்துச்சண்டை வாகையர் முஹம்மது அலியும், ஜப்பானிய மல்லர் அந்தோனியோ இனோகியும் 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் மோதினர். நம்மவர் என்ற பாசத்தால் அலியின் பெயர் நம் வீடுகளில் எல்லாம் அறிமுகமானது. அவ்வாட்டத்தைக் காண உலகம் ஆவலோடு காத்திருந்தது.

என்ன நடந்தது? மணி ஒலித்ததும் இனோகி ஓடிவந்து தரையில் சறுக்கிப் படுத்தார். படுத்தபடியே அலியின் கால்களை உதைத்தார். பதினைந்து சுற்றிலும் பெரும்பாலும் இதுவே நடந்தது. படுத்திருப்பவரைக் குத்த அலியால் இயலவில்லை. ஆட்டம் முழுவதிலும் அவர் விட்ட குத்துக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இறுதியில் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. பணம் கொடுத்து வந்த மக்கள் சினங்கொண்டு குப்பைகளை வீசினர். அலியின் கால்களில் இரத்தம் கட்டி, அவர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது.

இதற்குக் காரணம் இருவரின் கோழைத்தனமன்று. பிடித்து எறியலாகாது, நின்றபடி உதைக்கலாகாது என்றெல்லாம் ஆட்டத்திற்கு முன்பு இனோகிக்கு விதிகள் இறுக்கப்பட்டன என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கைகள் கட்டப்பட்ட மல்லருக்குத் தரை ஒன்றே புகலிடம். அவர் தரையில் கிடக்க, நின்று குத்தும் வித்தைக்கு அங்கு வேலையில்லை. ஒவ்வொரு தரப்பும் தன் ஆளைக் காக்க விதி எழுதியது. இரண்டு வித்தையும் வெளிப்பட இடம் தரும் விதியை எழுத எவரும் இருக்கவில்லை. விளைவு, உலகின் சிறந்த குத்துச்சண்டை வீரரையும் ஜப்பானின் சிறந்த மல்லரையும் ஒரே மேடையில் நிறுத்தியும், குத்துச்சண்டையையும் காண முடியவில்லை, மற்போரையும் காண முடியவில்லை.

கராச்சியில் முறிந்த கை

இதே இனோகி அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று கராச்சியில் களமிறங்கினார். எதிர்நின்றவர் அக்ரம் பயில்வான். முன்னர் நாம் கூறிய இமாம் பக்ஷின் மகன், காமாவுக்குத் தம்பி மகன். இது முடிவு பேசி வைத்த காட்சி ஆட்டமா, உண்மை ஆட்டமா என்பதிலேயே இரு தரப்பிற்கும் ஒத்த புரிதல் இருக்கவில்லை என்று பின்னாளில் எழுதியோர் கூறுகின்றனர். உடன்பாடு இல்லாத இடத்தில் ஐயம் புகும். ஐயம் புகுந்த இடத்தில் கோபம் புகும். மூன்றாம் சுற்றில் இனோகி, அக்ரமின் மணிக்கட்டைப் பற்றித் தம் இரு கைகளையும் பூட்டாகக் கோத்துத் தோளைத் திருகினார். குலப் பெருமை சுமந்து நின்ற அக்ரம் தோல்வியை ஒப்புக் கொள்ளவில்லை. கை செயலிழந்த பின்னரே ஆட்டம் நிறுத்தப்பட்டது.

அதே பிடிக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1951 அக்டோபர் 23 அன்று பிரேசிலின் ரியோ நகரில், ஜப்பானிய ஜூடோ வீரர் மஸாஹிகோ கிமுராவும், பிரேசிலிய ஜியு ஜிட்சு ஆசான் ஹேலியோ கிரேசியும் மோதினர். தூக்கி எறிவது கணக்கில் சேராது, எதிராளி பணிந்தால் மட்டுமே வெற்றி என்று அவர்கள் முன்பே பேசியிருந்தனர். கிமுரா பலமுறை தூக்கி எறிந்தும் ஆட்டம் தொடர்ந்தது இதனால்தான். இறுதியில் கிமுரா இதே பூட்டைப் போட்டார். கை முறிந்தும் ஹேலியோ பணியவில்லை. ஆனால் களத்தின் ஓரத்தில் நின்ற அவர் தமையன் துண்டை வீசித் தோல்வியை ஏற்றார். பின்னர் அக்குடும்பம் செய்த செயல்தான் வியப்பிற்குரியது. தங்களை வென்ற அப்பிடிக்கு வென்றவரின் பெயரையே சூட்டி, தங்கள் மாணவர்களுக்குக் கற்பித்தது. இன்று உலகெங்கும் அதன் பெயர் 'கிமுரா' என்பதே.

இரண்டு களங்களிலும் ஒரே பூட்டு, ஒரே காயம். ஒன்று பழியாக நிலைத்தது, மற்றொன்று பாடமாக நிலைத்தது. வேறுபாடு, முன்னரே செய்த உடன்பாட்டிலும், "போதும்" என்று சொல்ல ஒரு மூத்தவர் அருகில் இருந்ததிலும்தான் உள்ளது.

இலாகூரில் உயர்த்திய கை

அக்ரமின் தோல்வி அக்குடும்பத்தில் ஆறாத வடுவாயிற்று. அவர் அண்ணன் மகன் ஜாரா பயில்வானை அவர்கள் தயார் செய்தனர். 1979 ஜூன் 17 அன்று இலாகூரில் இருபது வயதும் நிரம்பாத ஜாரா, இனோகியை எதிர்கொண்டார். ஐந்து சுற்றுகள் முடிந்தன. எவரும் வீழவில்லை. அப்போது இனோகி தாமே முன்வந்து ஜாராவின் கையைப் பற்றி உயர்த்தினார். பல்லாயிரம் மக்கள் ஆரவாரம் செய்தனர். அதனை ஜாராவின் வெற்றி என்று அந்நாட்டார் இன்றும் கொண்டாடுவர். சமன் என்று ஜப்பானியர் எழுதி வைத்துள்ளனர். ஒரு குடும்பத்தின் பகையைத் தீர்த்தது பிடியன்று, உயர்த்திய அந்தக் கைதான் என்பதில் மட்டும் இரு தரப்பிற்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. ஜாரா 1991இல் இளவயதிலேயே மறைந்தார். அதற்குப் பல்லாண்டுகள் கழித்து, அக்குடும்பத்து வாரிசு ஒருவரை இனோகி ஜப்பானுக்கு வரவழைத்துத் தம் வித்தையைப் பயில வகை செய்தார். கையை முறித்தவரே அக்குடும்பத்துக்கு ஆசானாக மாறினார்! முஹம்மது அலியும் அவ்வாறே இனோகியின் நண்பரானார். 1998இல் இனோகி களத்திலிருந்து விடைபெற்ற நிகழ்ச்சிக்கு, நோயுற்ற உடலுடன் அலி டோக்கியோ சென்றார். அலி 2016 ஜூன் 3 அன்றும், இனோகி 2022 அக்டோபர் 1 அன்றும் உலகைப் பிரிந்தனர்.

விதி வளர்ந்தது, வித்தையும் வளர்ந்தது

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் வெவ்வேறு வித்தைக்காரர்கள் மோதும் போட்டி நடத்தப்பட்டது. கடிக்கலாகாது, கண்ணைத் தோண்டலாகாது என்பதற்கு மேல் பெரிய விதிகள் இல்லை. எடைப் பிரிவும் இல்லை. அதில் வென்றவர், மேலே கூறிய ஹேலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி. கண்டோர் பலர் அதனைக் காட்டுமிராண்டித்தனம் என்று கண்டித்தனர். அக்கண்டனம் நன்மையாக முடிந்தது. எடைப் பிரிவு, கையுறை, சுற்றுகள், நடுவரின் அதிகாரம், தடுக்கப்பட்ட அடிகளின் பட்டியல் என விதிகள் ஒவ்வொன்றாக ஏற்பட்டன. இன்று அது கலப்புத் தற்காப்புக் கலை என்னும் தனி விளையாட்டாக நிலைபெற்றுள்ளது. அதில் வெல்வோர் ஒரே வித்தையை மட்டும் கற்றோர் அல்லர். குத்தும், உதையும், பிடியும் சேர்த்துக் கற்றோரே. ஆக, எது பெரிது என்று மோதத் தொடங்கியவர்கள், ஒருவரிடம் ஒருவர் கற்பதில் வந்து முடிந்தனர்.

நம் சிலம்பமும் விதியால் உயர்ந்ததே. தலைக்கவசம், வயதுப் பிரிவு, புள்ளிக் கணக்கு ஆகியவற்றுடன் அது போட்டி விளையாட்டாக வளர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் செயல்விளக்க விளையாட்டாகச் சிலம்பம் இடம்பெற்றது நம் அனைவருக்கும் பெருமையே.

நம் இளைஞர்களுக்கு

அருமை இளைஞர்களே! இவற்றை நாம் பொழுதுபோக்கிற்காக எழுதவில்லை. நம் பகுதி எத்தகையது என்பதை நாம் அனைவரும் அறிவோம். பல சமூகத்தாரும் பல சமயத்தாரும் தெருவுக்குத் தெரு அடுத்தடுத்து வாழும் மண் இது. ஒரு வாத்தியாரின் மாணவன் மற்றொரு வாத்தியாரின் மாணவனை, "வா, பார்த்துக் கொள்வோம்" என்று விளையாட்டாய் அழைப்பான். விதியும் இல்லை, நடுவரும் இல்லை. ஒருவனுக்கு மூக்கில் இரத்தம் வரும். மாலைக்குள் அது இரு தெருக்களின் பகையாகும். இரவுக்குள் அதற்குச் சமூகத்தின் பெயரோ சமயத்தின் பெயரோ சூட்டப்பட்டுவிடும். பெற்றோர் காவல் நிலைய வாசலில் நிற்பர். மாணவன் மீது பதியும் வழக்கு அவன் படிப்பையும் வேலையையும் கெடுக்கும். கராச்சியில் முறிந்தது ஒரு கை. இங்கு முறிவது ஓர் ஊரின் உறவு.

ஆகவே மோதவே கூடாது என்று நாம் கூறவில்லை. தன் வித்தையை மற்றொரு வித்தையோடு உரசிப் பார்க்காதவன் தன் குறையை அறிய மாட்டான். ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். இரு ஆசான்களும் அறிந்து சம்மதிக்க வேண்டும். எடையும் வயதும் ஒத்திருக்க வேண்டும். எது கணக்கில் சேரும், எது தடுக்கப்பட்டது என்பதை முன்பே பேசி முடிக்க வேண்டும். முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்க, தலை, கண், கழுத்து, மூட்டு ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இருத்தல் வேண்டும். இரு தரப்பையும் சாராத ஒருவர் நடுவராக வேண்டும். எதிராளி தரையைத் தட்டினால் அக்கணமே பிடியை விட வேண்டும். தட்ட மறுக்கும் பிடிவாதக்காரனுக்காகத் துண்டை வீச ஒரு மூத்தவர் அருகில் நிற்க வேண்டும். முடிந்ததும் ஸலாமோ வணக்கமோ கூறிக் கைகுலுக்கி, ஒன்றாக அமர்ந்து தேநீர் அருந்திவிட்டே பிரிய வேண்டும்.

கம்பு பெரிதா, கராத்தே பெரிதா என்ற கேள்விக்கு நம் விடை இதுவே. உடன்படிக்கை இல்லாத களத்தில் இரண்டும் சிறிதாகும். உடன்படிக்கை உள்ள களத்தில் இரண்டும் பெரிதாகும். வென்றவன் தோற்றவனின் கையை உயர்த்தவும், தோற்றவன் வென்றவனிடம் கற்கவும் எந்தக் களம் இடம் கொடுக்கிறதோ, அந்தக் களமே வீரர்களின் களம்.

வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களுக்கு உடல் வலிமையையும், அதனை அடக்கி ஆளும் உள்ள வலிமையையும், அண்டை அயலாரோடு இணங்கி வாழும் பண்பையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.